சிவப்பு வாளி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வாஷிங் மெஷின் மூன்றாவது தடவையாக நின்றுவிட்டது. நிற்பதற்கும் அது ஒரு முறை வைத்திருந்தது. தண்ணீர் பிடிக்கும், துணியை நுரையோடு அரை மணி நேரம் புரட்டும், அழுக்குத் தண்ணீரை ஒழுங்காக வெளியே தள்ளும். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. துணியைப் பிழிவதற்காகத் தொட்டி வேகமெடுத்துச் சுற்ற வேண்டிய இடம் வந்ததும்தான் வினை. இரண்டு சுற்று சுற்றும். டொம் டொம்மென்று சுவரில் இடிக்கும். உடனே அடங்கி, மறுபடி தண்ணீர் பிடித்துக்கொள்ளும். இப்படி மூன்று முறை முயன்றுவிட்டு, இனி நம்மால் ஆகாது என்பதுபோலக் கீச்கீச்சென்று கத்தி, சின்னத் திரையில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் கையேடு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் குளியலறைத் தரையில் சம்மணமிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருபத்தேழு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடுகின்றன. பதினான்காவது மாடியில் மாட்டிக்கொண்டு அழுத பெண்ணைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் இறக்கியவர். சொந்த வீட்டில், இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஒரு தகரப்பெட்டியைச் சுற்றவைக்க முடியவில்லை.

"என்னடா, கியர் விழலியா?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

அது அவருடைய அண்ணன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று, பிள்ளையும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் லாரியின் மேலேறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. அன்றிலிருந்து தம்பி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார்.

"விழுதுண்ணே. விழுந்ததும் வண்டி நின்னுடுது."

"கிளட்சு போயிருக்கும். பழைய வண்டியில்ல. தள்ளிவிட்டுப் பாரு."

தம்பி சிரித்தார். ஆனால் அந்த மெஷின் சுற்றுவதும் சுற்றாததும் அன்றைக்கு வெறும் துணி விஷயமில்லை என்பது, சிரித்தபோதும் அவருடைய நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

சங்கதி இதுதான். படுக்கையில் கிடப்பவருக்கு விரிப்பு தினமும் நனையும், சில நாள் இரண்டு தடவை. முன்பெல்லாம் மெல்லிய விரிப்புகள் நான்கைந்து போட்டு எடுப்பார்கள். முதுகில் புண் வர ஆரம்பித்ததும், வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்ஸ், பஞ்சு வைத்துத் தைத்த கனமான விரிப்பாக ஒன்று போடச் சொன்னாள். போன திங்கட்கிழமை அதை வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை மெஷின் பிழிய மறுத்தது. தண்ணீர் குடித்த அந்த விரிப்பைக் கையால் பிழிவதென்றால் ஓர் ஆளைத் தூக்கி முறுக்குவதுபோல. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பிழிந்தது மெக்கானிக்கின் மனைவி. அவள் ரொட்டிக் கடையில் தட்டு தூக்குகிறவள். வியாழக்கிழமை அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கி, வளையல் உள்ளே புதைந்துவிட்டது. சோப்புப் போட்டுத்தான் கழற்றினாள்.

அன்று அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவரும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பார். "ஏங்க, என்னால பிழிய முடியல. கை போச்சுன்னா கடையில நிக்க வெச்சுக்க மாட்டாங்க. மெஷின் ஓடினா மாமா இங்கயே இருக்கட்டும். ஓடலன்னா நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்று வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஊர் எல்லையில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. முன்பு ஒருமுறை நம்பிக்கையில்லாமல் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்குள் சொல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று அங்கிருக்கும் மேற்பார்வையாளர் அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

மெக்கானிக் கடவுளுக்குப் பயந்தவர். ஒவ்வொரு லிஃப்டுக் கூண்டிலும் இறங்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பவர். வெள்ளிக்கிழமை இரவு படுக்கப்போகுமுன் ஒன்று வேண்டிக்கொண்டார். 'இது சுத்தினா அண்ணன் இங்கதான். சுத்தலன்னா அதுதான் உன் உத்தரவுன்னு எடுத்துக்கறேன்.' தான் செய்ய வேண்டிய முடிவைச் சாமி தலையில் கட்டுவது நியாயமா என்று ஒரு கணம் தோன்றியது. தூக்கம் அதை மூடிவிட்டது.

விடிந்ததிலிருந்து அவர் செய்யாத பரிசோதனை இல்லை. ரசமட்டம் வைத்து மெஷினின் நான்கு காலையும் சமமாக்கினார். தண்ணீர் போகும் குழாயைக் கழற்றினால் ஒரு பொத்தானும் ஒரு முடிக்கற்றையும் வந்தன, வேறொன்றுமில்லை. பின்பக்கத் தகட்டைத் திறந்து பெல்டை விரலால் சுண்டிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. மூடி சரியாக மூடியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் சின்ன சுவிட்சை அழுத்திப் பார்த்தார். அதுவும் பேசியது. காலித் தொட்டியை ஓடவிட்டார். பம்பரமாகச் சுற்றியது. விரிப்பைப் போட்டார். டொம் டொம். நின்றது.

"இன்னும் ஏத்தத்துலயே நிக்குதா?" என்றார் டிரைவர்.

"ஆமாண்ணே."

"லோடு ஜாஸ்தி போல."

அதை என்னவோ வேடிக்கையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து குரல் வரவில்லை. தம்பி அதைக் கவனிக்கவில்லை. கையில் திருப்புளி இருக்கும்போது அவர் காதில் எதுவும் விழுவதில்லை என்று அவருடைய மனைவி சொல்வாள்.

கைபேசியில் தேடினார். அந்த எழுத்துக்கு ஆளுக்கொரு விளக்கம். ஒருவன் பெல்ட் என்றான், ஒருவன் மோட்டார் என்றான், இன்னொருவன் துணியைப் பிரித்துப் பரவலாகப் போடச் சொன்னான். இருப்பதே ஒரு விரிப்பு. அதை எங்கே பிரிப்பது? எடுத்து உதறி, வட்டமாகச் சுருட்டிப் போட்டுப் பார்த்தார். சுற்ற ஆரம்பித்ததும் அது பூனை மாதிரி ஒரு பக்கமாக ஒண்டிக்கொண்டது.

பதினொரு மணிக்குப் பழுது பார்க்கும் கடைக்காரர் போனை எடுத்தார்.

"சொல்லுங்க சார். தண்ணி வெளிய போகுதா?"

"போகுது."

"காலியா ஓடுதா?"

"ஜோரா ஓடுது."

"அப்ப உள்ள என்னென்ன துணி போட்டீங்க சார்?"

மெக்கானிக் அந்த அறைக் கதவைப் பார்த்தார். அண்ணனின் மூத்திர விரிப்பு என்று யாரோ முகம் தெரியாத ஆளிடம் சொல்ல நா எழவில்லை. அண்ணன் காதில் விழும். அதைவிட, தன் காதிலேயே விழும்.

"வீட்டுத் துணிதான். எல்லாம் கலந்து."

"கலந்துன்னா சரி. அப்ப மோட்டார்தான் சார். லோடு இழுக்க மாட்டேங்குது. புதன்கிழமை வந்து பாக்கறேன்."

"இன்னிக்கே வர முடியாதா?"

"சார், இன்னிக்கு என் பொண்ணுக்குப் பல்லு புடுங்கறாங்க. நான் அங்க உக்காந்துதான் உங்ககிட்ட பேசறேன்."

"அப்படியா. புள்ளைய பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டது மெக்கானிக் அல்ல, அவருடைய மனைவியும் அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய முதல் நாளில், டிரைவரே கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் துணியெல்லாம் தனியா இருக்கட்டும்டா. உங்க துணியோட சேக்க வேணாம்." தம்பியும் அவளும் ஒரே மூச்சில் "சரி" என்றார்கள். மறுநாளே ஒரு சிவப்பு வாளி வந்தது. குளியலறை மூலையில் அது தனியாக நின்றது. அதிலுள்ளவை கடைசியாகப் போகும், தனியாகச் சுற்றும், தனிக் கொடியில் காயும். மூன்று வருடமாக யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுவதாகத் தம்பி நினைத்தார். கணவருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வதாக அவள் நினைத்தாள். சிவப்பு வாளித் துணி உள்ளே இருக்கும்போது வேறு துணியை அதோடு போடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது, சாப்பாட்டுத் தட்டில் செருப்பை வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றாததுபோல.

மூன்று மணி. மெஷின் ஏழாவது தடவை கீச்சிட்டது. மெக்கானிக் திருப்புளியை வைத்துவிட்டு, ஈரத் தரையிலேயே முழங்காலிட்டுத் தொட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். 'சரி, உன் உத்தரவு' என்று சொல்ல வரவில்லை. சோப்பு வாசனையும் அதற்கடியில் அண்ணனின் வாசனையும் வந்தன. சின்ன வயதில் மழையில் நனையாமலிருக்க அண்ணனின் சட்டைக்குள்ளேயே நுழைந்துகொண்டு நடந்தது நினைவு வந்தது. அந்தச் சட்டையிலும் ஒரு வாசனை இருந்தது. அப்போது அது தனியாகத் தெரியவில்லை.

மூன்றரைக்கு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று வாசற்படியில் நின்றார்.

டிரைவர் தலையணைக்குப் பக்கத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார். முகம் சவரம் செய்ததுபோல் தெளிவாக இருந்தது.

"உள்ள வாடா. நீ சொல்ல வேணாம். நான் சொல்லிட்டேன்."

"என்னண்ணே சொன்ன?"

"அந்த இல்லத்துக்குப் போன் பண்ணிட்டேன். நம்பர் காலண்டர் ஓரத்துல நீதானே எழுதி வெச்சிருந்த. அஞ்சு மணிக்கு வேன் அனுப்பறாங்களாம்."

"யாரைக் கேட்டு பண்ண?"

"என்னைக் கேட்டுத்தான். காலையிலேர்ந்து கேட்டுட்டுத்தானே கெடக்கேன். ஏழு தடவ ஏத்தத்துல ஏறி ஏழு தடவ பின்னாடி வந்துச்சு. அவ்வளவு லோடாடா நான்?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் திரும்பிவிட்டது. "உன் பொண்டாட்டி கைய நான் பாக்கலன்னு நெனச்சியா? தண்ணி குடுக்கறப்ப இடது கையால குடுக்குது, மூணு நாளா."

தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றார் டிரைவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "சாப்பாடு கேக்கல, டி.வி. இருக்கான்னு கேக்கல. துணி எப்படித் தோய்ப்பீங்கன்னு கேட்டேன். 'ஐயா, இங்க ஒரே பெரிய மெஷின்தான், எல்லார் துணியும் ஒண்ணாத்தான் போடுவோம், நம்பர் தெச்சிருப்போம், அதை வெச்சு எடுத்துக் குடுப்போம்'னு சொல்லிச்சு. அப்படின்னா வரேன்னுட்டேன்."

மெக்கானிக் தலையைத் தூக்கினார்.

"நீதானேண்ணே தனியா போடச் சொன்ன?"

"சொன்னேன். யாராவது வேணாம்னு சொல்வீங்கன்னு சொன்னேன்."

மெக்கானிக் எதையோ பிடித்துக்கொள்வதுபோலக் கட்டில் கம்பியைப் பிடித்தார். லிஃப்டில் ஆள் ஏறும் பெட்டி ஒரு பக்கம் என்றால், அதற்கு ஈடாக இரும்புக் கட்டிகள் மறுபக்கம் தொங்கும். ஒன்று மேலே போக ஒன்று கீழே வரும். அந்த ஈடு இல்லாவிட்டால் எந்த மோட்டாராலும் பெட்டியை நல்லபடியாகத் தூக்க முடியாது. இருபத்தாறு வருடமாக அதைத்தான் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறார். ஒற்றைக் கனம் ஒரு பக்கமாக ஒண்டினால் எது சுற்றும்?

அவர் எழுந்து ஓடினார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் வேலைச் சட்டைகள் இரண்டு, கால்சட்டை, மனைவியின் ரொட்டிக் கடைக் கோட்டு, இரண்டு துண்டுகள், தலையணை உறைகள், கண்ணில் பட்டதையெல்லாம் வாரினார். விரிப்பின் பக்கத்திலும் மேலும் அவற்றைச் சுற்றிவர வைத்தார். சிவப்பு வாளியில் மிச்சமிருந்த அண்ணனின் இரண்டு சட்டைகளையும் போட்டு மூடினார். சுருக்கமான ஓட்டத்துக்குத் திருகி வைத்துவிட்டு நின்றார்.

அப்போதுதான் கடையிலிருந்து அவருடைய மனைவி வந்தாள். குளியலறை வாசலில் நின்று, கண்ணாடி மூடிக்குள் தன் கோட்டு விரிப்போடு புரளுவதைப் பார்த்தாள்.

"என் கோட்டா அது?"

"ஆமா. கோவிச்சுக்காத. ஒண்ணு மட்டும் போட்டா ஒரு பக்கமா போயிடுது. அதான் நின்னுருக்கு. மோட்டாரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"கோவமா? எனக்கென்னங்க கோவம்?" அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "நான் முதல் வாரமே சேத்துப் போட்டிருப்பேன். உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

"எனக்கா? உனக்குன்னுல்ல நான் நெனச்சேன்."

தொட்டி தண்ணீரைத் தள்ளிவிட்டு மெல்ல அசைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்து சுற்று. சுவரில் இடிக்கவில்லை. மெல்ல மெல்ல ஊதல் மாதிரி ஒரு சத்தம் எழுந்து வீடு முழுக்க நிறைந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுத்தன.

கேட்டதைக் கொடுப்பவன் இறைவன் என்று நம்புகிறவர் மெக்கானிக். கேட்டதை அரை மணி நேரம் பிந்திக் கொடுத்தால் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

"சுத்துது போலிருக்கே" என்றார் டிரைவர், இருவரும் உள்ளே வந்தபோது.

"சுத்துது மாமா. எல்லாத்தையும் ஒண்ணா போட்டாச்சு. இனிமே அப்படித்தான்" என்றாள் அவள்.

"உன் துணியுமா?"

"என் கோட்டும்தான் உள்ள கெடக்கு."

டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த உடம்பில் அவர் இஷ்டத்துக்குத் திரும்புவது அது ஒன்றுதான். "நல்லா இரும்மா" என்றார்.

"அண்ணே, போன் பண்ணி வேணாம்னு சொல்லிடலாம்" என்றார் தம்பி.

"லோடு ஏத்தி சீட்டும் கிழிச்சாச்சுடா. பாதி வழியில எறக்கக் கூடாது."

"மெஷின்தான் ஓடுதே. இருண்ணே."

"மெஷின் ஓடுது. உன் பொண்டாட்டி கை? நீ ஒரு நாள் முழுக்க இப்படித் தரையில கெடந்தது? முதுகுல புண்ணு. அங்க ராத்திரியில திருப்பிப் போட ஆள் இருக்கு." குரல் தாழ்ந்தது. "போறேண்டா. கோவத்துல போறேன்னு நெனைக்காத. காலையில போயிருந்தா கோவத்துல போயிருப்பேன்."

இரண்டு முறை கேட்டாயிற்று. மூன்றாவது முறை கேட்பதற்கு மெக்கானிக் வாயைத் திறந்தார். அந்த ஒரு நொடியில், தன் நெஞ்சுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு பாரம் சத்தமில்லாமல் இறங்குவதை உணர்ந்தார். இனி அந்த விரிப்பைப் பிழிய வேண்டாம், இரவில் எழ வேண்டாம். அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே உடம்பு கூசியது. வாயை மூடிக்கொண்டார். டிரைவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

ஐந்தேகாலுக்கு வேன் வந்தது. அண்ணனின் சட்டைகள் ஈரமாக இருந்ததால், தம்பியின் உலர்ந்த சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு ஏற்றினார்கள். அவள் இடது கையால் பொத்தான் போட்டுவிட்டாள். நேரம் பிடித்தது. வேன்காரர் அவசரப்படுத்தவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

இப்போதும் சனிக்கிழமைகளில் மெக்கானிக் இல்லத்துக்குப் போகிறார். திரும்பும்போது அண்ணனின் உடைகளில் ஒன்றிரண்டைப் பையில் எடுத்துக்கொள்வார். "நாங்களே தோய்ச்சிடுவோமே சார், எதுக்கு அங்கயும் இங்கயும் தூக்கிட்டு" என்பாள் மேற்பார்வையாளர் அம்மா. "தெரியும்மா. ஒண்ணு மட்டும் குடுங்க" என்பார். காலரில் முப்பத்தொன்று என்று நூலால் தைத்த சட்டை, ஞாயிறன்று அவர்கள் துணியோடு சுற்றும். சிவப்பு வாளியில் இப்போது மூன்று பேர் துணியும் கிடக்கிறது. வெளியே எடுக்கும்போது கோட்டின் கையும் அந்தச் சட்டையின் கையும் முறுக்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு ஆறிவிட்டாலும் அவள் அதை அவசரமில்லாமல்தான் பிரிக்கிறாள்.

"சுத்துதாடா?" என்று ஒவ்வொரு வாரமும் டிரைவர் கேட்கிறார்.

"சுத்துதுண்ணே."

மூன்றாவது முறை இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் பேருந்தில் நினைத்துக்கொண்டே போகிறார் மெக்கானிக். கட்டிலருகே உட்கார்ந்ததும், நகம் வெட்டிவிடுவார், முதுகைத் துடைத்துவிடுவார், சட்டையை மாற்றிவிடுவார். நேரம் ஆகிவிடும். அவர் கேட்கவில்லை, அண்ணனும் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. பையில் ஒரு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு, ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க எழுந்துவிடுகிறார்.